குழலிக்கு வந்த பூரிப்பு

குழலி பூரித்துக்கொண்டு வருகிறாள் என்றுதான் தெரு முழுக்கப் பேச்சு. குழாயடிக்குப் போகிற பெண்கள் குடத்தை இடுப்பில் இடுக்கியபடியே நின்று அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்கள். கார்த்திகையில் தட்டம்மை கண்டு எழுந்தபோது எலும்பும் தோலுமாகக் கிடந்த பிள்ளை. தை பிறந்ததும் கன்னம் உப்பி, கைகால் பளபளவென்று திரண்டு, பார்க்கிறவர்கள் கண்ணைப் பறித்தாள்.

"இன்னா போட்ற கமலா புள்ளைக்கு? மெழுகு பொம்மை மாதிரி இருக்கறாளே."

"கஞ்சிதாங்க்கா. வேற இன்னா."

பெற்றவள் கமலவேணி அதைச் சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமை இருக்கத்தான் செய்தது. அது பட்டு நெய்கிற தெரு. கஞ்சியின் அருமை அந்தத் தெருவுக்குத் தெரிகிற மாதிரி வேறு யாருக்கும் தெரியாது. விடியற்காலையில் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சியைத் தோய்த்து, வெயில் ஏறுவதற்குள் ஆற்றி எடுப்பார்கள். கஞ்சி ஏறாத நூல் தறியில் அடி தாங்காது, அறுந்து அறுந்து உயிரை வாங்கும். கஞ்சி ஏறிய நூல் கம்பி மாதிரி நிற்கும். "நூலுக்கே அப்பிடின்னா மனுச உடம்புக்கு இன்னா கம்மி" என்பது காமாட்சியம்மாளின் சித்தாந்தம். கமலவேணியின் புருஷன் நமச்சிவாயத்தின் அக்கா அவள். புருஷன் போனபின் தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். அடுப்பும் அவள் கையில், நூல் சுற்றும் ராட்டையும் அவள் கையில். நெற்றி நிறைய விபூதி இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. அம்மை இறங்கியதும் பிள்ளைக்குப் பால் கொடுத்துப் பார்த்தார்கள், பேதியானது. பருப்புத் தண்ணீர் கொடுத்தார்கள், வாந்தி. கஞ்சி மட்டும்தான் வயிற்றில் நின்றது. நிற்கிறதைக் கொடுத்தார்கள். பிள்ளையும் தேறிவிட்டது.

ஒன்றே ஒன்றுதான் கமலவேணிக்கு உறுத்தல். பிள்ளை சிரிக்கவில்லை. உட்காரவைத்த இடத்தில் உட்கார்ந்திருந்தாள். நடந்துகொண்டிருந்தவள் நடையை மறந்துவிட்டாள். ஒன்றும் கேட்பதில்லை. கறுப்பாக இருந்த முடி செம்பட்டை பாய்ந்து நூல்நூலாக நின்றது. "அடக்கமான புள்ள" என்று அதையும் தெரு மெச்சிக்கொண்டது.

அந்தச் சமயத்தில்தான் கமலவேணியின் தம்பி வேணுகோபால் ஐயம்பேட்டையிலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தான். காலேஜில் விலங்கியல் படிக்கிறவன். ஒரு இடத்தில் நிற்கமாட்டான், வாய் அதைவிட நிற்காது. வந்ததும் குழலியைத் தூக்கி மடியில் போட்டுக் காலைப் பிடித்து விளையாட்டுக் காட்டினான். பிள்ளை காலை உதறவில்லை. அவன் கட்டைவிரலைப் புறங்காலில் வைத்து அழுத்தி எடுத்தான். அழுத்தின இடத்தில் குழி விழுந்தது. விழுந்த குழி எழும்பவே இல்லை, ஈர மண்ணில் பதிந்த மாதிரி அப்படியே நின்றது.

அவன் பேச்சு நின்றுபோனது அன்றைக்குத்தான்.

"அக்கா, இங்க வா. இது சதை இல்லக்கா. தண்ணி."

ராட்டையைச் சுற்றிக்கொண்டிருந்த காமாட்சியம்மாள் திரும்பிப் பார்த்தாள். "காலேஜு போனா கண்ணு கூடவா அவிஞ்சி போவும்? ஊரே பாத்துப் பொறாமப்படுது, இவன் தண்ணிங்கறான்."

"இல்லீங்க அத்தை, அமுக்கினா பள்ளம் நிக்குது பாருங்க. நல்ல சதைன்னா உடனே எழும்பிக்கும்."

"அமுக்கினா பள்ளந்தான் விழும். உன் மண்டையில அமுக்கட்டுமா, விழுதா பாக்கலாம்?"

கமலவேணி குனிந்து இன்னொரு காலில் தன் விரலை வைத்து அழுத்தினாள். அங்கேயும் குழி. மறுநாள் காலையில் தம்பியோடு ஆஸ்பத்திரி வாசலில் முதல் ஆளாக நின்றாள்.

டாக்டரம்மா தலை நரைத்தவர். குழலியின் முடியைச் சுண்டிப் பார்த்தார், கொத்தாகக் கையோடு வந்தது. பிள்ளை முகம் சுளிக்கக்கூட இல்லை.

"என்ன சாப்பிடறா?"

"கஞ்சிம்மா."

"கஞ்சியோட?"

"கஞ்சிதாம்மா." சொல்லும்போதே இந்தத் தடவை கமலவேணியின் குரல் உள்ளே போய்விட்டது. பால் ஒத்துக்கொள்ளாததையும் பருப்பு வாந்தியானதையும் சொன்னாள்.

"முட்டை, மீன் ஏதாவது?"

"நாங்க சைவம்மா."

டாக்டரம்மா திட்டவில்லை. "பாலும் ஒத்துக்கல, பருப்பும் ஒத்துக்கல. அப்ப மீன்தாம்மா. வேகவெச்சு, முள்ளெடுத்து, மசிச்சு, ஒரு நாளைக்கு நாலு தடவை கொஞ்சங்கொஞ்சமா ஊட்டு. அது லேசா செரிக்கும். நாளைத் தள்ளாதே. இந்த வீக்கத்தோட இருக்கற புள்ளைக்கு ஒரு சளிக்காய்ச்சல் வந்தா தாங்காது. இதே பெஞ்சில வெச்சிக்கினு அழுத அம்மாங்களை நான் பாத்திருக்கேன்."

வெளியே வந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வேணுகோபாலுக்குப் பேச்சு திரும்பிவிட்டது. பரீட்சைக்குப் படித்தது எல்லாம் ஒரே நேரத்தில் நாக்கு நுனியில் வந்து முட்டியது.

"அக்கா, சதை வளரணும்னா புரதம் வேணும். புரதம்ங்கறது ஒரே சரக்கு இல்ல. அமினோ அமிலம்னு இருபது இருக்குது, அதெல்லாம் கோத்துக் கோத்துத்தான் புரதம். அதுல பாதிக்கு மேல நம்ம உடம்பே பண்ணிக்கும். எட்டு மட்டும் பண்ணவே தெரியாது. வெளியிலருந்து சாப்பாட்டுல வந்தாத்தான் உண்டு. கொழந்தைங்களுக்கு அதுக்கு மேலயும் ஒண்ணு வேணும்ங்கறாங்க. லைசின், மெத்தியோனின், டிரிப்டோபேன், லூசின்…"

"இன்னாடா, அர்ச்சனை பண்ற மாதிரி சொல்லிக்கினே போற."

"கேளுக்கா. மீனுல அந்த எட்டும் இருக்குது. அளவா இருக்குது."

"அப்போ அரிசியில இல்லியா? எத்தினி சென்மமா துன்னுக்கினு வர்றோம்."

"அரிசியிலயும் இருக்குது. ஆனா மொத்தமே கொஞ்சம்தான். அதுலயும் லைசின் ரொம்பக் கம்மி. பருப்புல லைசின் ஜாஸ்தி. அதான் சோறும் சாம்பாரும் சேத்துத் துன்னா நமக்கு ஓடிடுது. வெறுங் கஞ்சின்னா ஓடாது."

"ஒண்ணுதானே கம்மி? மீதி இருக்கறத வெச்சி வளர வேண்டியதுதானே."

"அப்பிடி வளராதுக்கா. ஒண்ணு கம்மின்னா எல்லாமே நின்னுடும்."

"அது ஏன் அப்பிடி?"

வேணுகோபாலின் புத்தகத்தில் அவ்வளவுதான் போட்டிருந்தது.

அது ஏன் என்பது கமலவேணிக்கு அந்த வாரத்திலேயே, தறிக்குழியில் உட்கார்ந்திருந்தபோது விளங்கியது.

அந்த வருசம் தெருக்கோடி அம்மனுக்குப் பங்குனி உத்திரத் திருக்கல்யாணப் புடவை நெய்கிற முறை அவர்கள் வீட்டுக்கு வந்திருந்தது. தெருவில் வீட்டுக்கு வீடு சுற்றி வருகிற முறை. பச்சை நடு, அரக்குக் கரை. நடு ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்றால் கோர்வை போட வேண்டும். குறுக்கு நூலை ஓட்டுகிற நாடா நடுவுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் தனித்தனி. ஒவ்வொரு வரியிலும் பச்சை இழையும் அரக்கு இழையும் ஒன்றை ஒன்று கவ்விக்கொண்டுதான் மேலே ஏறும். அதற்கு ஒருவர் கை போதாது. நமச்சிவாயம் நடுவையும் இடது கரையையும் பார்த்துக்கொள்வான். வலது கரைக்கு நாடா போடுவது கமலவேணி. கல்யாணமாகி வந்ததிலிருந்து அவளுக்கு அந்த இடம்தான்.

சாயக்காரர் வீட்டில் ஒரு சாவு விழுந்துவிட்டதால் அரக்கு நூல் வரவில்லை. தறி நின்றுபோயிருந்தது. நமச்சிவாயம் சும்மா இருக்க முடியாமல் நாடாக்களைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தான்.

"ஏங்க, பச்சை நூலு கண்டு கண்டா கெடக்குதே. அத வெச்சி ஓட்டிக்கினு போனா இன்னா? கரையை அப்பறம் பாத்துக்கலாமில்ல?"

அவன் சிரித்துவிட்டான். "இத்தினி வருசம் பக்கத்துல குந்தி நாடா போட்டவ கேக்கற கேள்வியா இது? கரை கோக்காம ஒரு வரி ஏறுமா? பச்சை மூட்டை மூட்டையா இருந்தாலும் சும்மாதான் கெடக்கும். பூச்சிதான் துன்னும்."

கமலவேணி தறியைப் பார்த்தாள். பாதியில் நிற்கிற துணி. பக்கத்தில் குவிந்து கிடக்கிற பச்சை நூல். உள்ளே பாயில் உட்காரவைத்திருந்த குழலியைப் பார்த்தாள். கஞ்சி கஞ்சியாக உள்ளே போகிறது. வராத ஒரு நூலுக்காக அந்தச் சின்னத் தறி எத்தனை மாதமாக நின்றுகொண்டிருக்கிறதோ.

"ஏங்க."

"உம்."

"டாக்டரம்மா புள்ளைக்கு மீனு குடுக்கச் சொல்றாங்க."

நாடாவைத் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. அவன் கோபக்காரன் இல்லை. குரலை உயர்த்தி அவள் கேட்டதில்லை. அதனாலேயே அவனிடம் எதிர்த்து நிற்பது கஷ்டம்.

"வேற இன்னா குடுக்கலாம்னு கேட்டியா?"

"கேட்டேன். பாலு, பருப்பு. ரெண்டும்தான் நிக்கலியே."

அவன் விரலால் துணியைத் தடவினான். "உத்திரம் முடியட்டும் கமலா. அம்மன் துணி தறியில இருக்குது. அறுத்து எறக்கி ஒப்படைச்சிடறேன். அப்பறம் நீ இன்னா சொல்றியோ பாக்கலாம்."

"அதுவரைக்கும் புள்ள…"

"அம்மன் பாத்துக்குவா."

மாட்டேன் என்று சொல்லியிருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள். அவன் நாளைத் தள்ளினான். நாளைத் தள்ளாதே என்றுதான் டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தார்.

அங்கம்மாள் காலையில் அந்தத் தெருவில் கீரை விற்கிறவள். அவள் புருஷன் கலியன் ஏரியில் மீன் பிடிக்கிறவன் என்பதும், கீரை விற்று முடித்ததும் அதே தலையில் மீன் கூடை ஏறும் என்பதும் எல்லாருக்கும் தெரியும். ஆனால் இந்தத் தெருவில் அவள் கீரைக்காரி மட்டும்தான். கமலவேணி பின்கட்டு வாசலில் அவளை மறித்தாள்.

"அங்கம்மா, எனக்கு ஒரு ஒதவி வேணும். மீனு வேணும்."

"இன்னாது, மீனா?" அங்கம்மாளின் குரல் சந்து முழுக்கக் கேட்டது.

"மெதுவா பேசு. உள்ள அண்ணி இருக்கறாங்க."

"நீ குசுகுசுங்கறதப் பாத்து சாராயம் கேக்கறியோன்னு நெனச்சிட்டேன் கண்ணு." பிறகு கமலவேணியின் இடுப்பிலிருந்த பிள்ளையைப் பார்த்தாள். சிரிப்பு அடங்கியது. "இதுக்கா? இது நீர் கட்டினுல்ல கெடக்குது. எங்க ஊட்டாண்ட வா. ரயில்வே கேட்டுக்கு அந்தாண்ட, புளியமரத்தடியில. விராலு கெடைக்கும். முள்ளு கம்மி, நோவுல கெடந்தவங்களுக்கு அதான் ஆவும். ஆக்கி வெக்கறேன், ஊட்டிவுட்றேன். நீ மூஞ்சத் திருப்பிக்கினு குந்திக்க."

அப்படித்தான் ஏற்பாடு. ஆஸ்பத்திரியில் ஊசி என்று வீட்டில் சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். அங்கம்மாளின் குடிசையில் சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டு, மஞ்சளோடு வெந்துகொண்டிருந்தது விரால். கமலவேணி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்தாள்.

ஆனால் குழலி அங்கம்மாள் கையிலிருந்து வாங்கவில்லை. வாயை இறுக்கிக்கொண்டாள். ஊட்டினது அப்படியே வழிந்தது. அங்கம்மாள் கொஞ்சினாள், காக்கா காட்டினாள், கலியனைக் கூப்பிட்டுக் கோமாளித்தனம் பண்ணச் சொன்னாள். ஒன்றும் நடக்கவில்லை.

"பெத்தவ கையத்தான் தேடுது," என்றாள் அங்கம்மாள். "இன்னா பண்ற? ஊட்றியா, எடுத்துக்கினு போறியா?"

கமலவேணி எழுந்து வந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். அவள் பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் யார் கையும் பட்டிராத ஒன்றை விரலால் தொட்டாள். இட்லி மாதிரி மெத்தென்று இருந்ததே தவிர வேறு ஒன்றும் இல்லை. மசித்தாள். குழைந்த சோற்றோடு பிசைந்தாள். பிள்ளை வாயருகே கொண்டுபோனாள். வாய் திறந்தது.

"அவ்ளோதான்," என்றாள் அங்கம்மாள். "வானம் இடிஞ்சி வுழல பாரு."

ஒரு உருண்டை போனது. இன்னொன்று பாதி போனது. கமலவேணி திரும்பிப் புளியமரத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்துவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து மிச்சத்தை ஊட்டினாள். மீதி வேளைகளுக்கு என்று அங்கம்மாள் ஒரு சின்னத் தூக்கில் போட்டுக் கொடுத்தாள். அதைக் கொல்லையில் விறகுக்கு இடையில் வைத்து, காமாட்சியம்மாள் நூல் சுற்றப் போகிற நேரம் பார்த்து ஊட்டினாள்.

அன்றைக்கு அரக்கு நூல் வந்துவிட்டது. நமச்சிவாயம் குளித்து, விபூதி பூசி, தறியில் இறங்கி அவளைக் கூப்பிட்டான். கமலவேணி தன் வலது கையைப் பார்த்தாள். சீயக்காய், சாம்பல், புளி எல்லாம் போட்டுத் தேய்த்த கை. அம்மனுக்குக் கட்டுகிற துணியை இந்தக் கையால் தொடுவதா? பிள்ளைக்கு ஊட்டியது பாவம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. ஆனால் இதற்கு அவளுக்குத் துணிவில்லை.

"நான் வீட்டுக்கு வெலக்குங்க," என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

அது மூன்று நாளைக்குத் தாங்கியது. தலை முழுகி வந்தபின் என்ன செய்வது? ஆட்காட்டி விரலில் நகச்சுத்து என்று ஒரு எலுமிச்சம்பழத்தில் ஓட்டை போட்டு விரலில் மாட்டிக்கொண்டாள். நகச்சுத்து வந்தவர்கள் எல்லாரும் செய்கிறதுதான். வாடைக்கும் வாடை போயிற்று. நாடா பிடிக்கிற விரல் அது. நமச்சிவாயம் தனி ஆளாக இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் எட்டி எட்டிப் போட்டுப் பார்த்தான். ஒரு நாள் வேலையில் நாலு விரற்கடை ஏறவில்லை. உத்திரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவன் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை.

காமாட்சியம்மாள்தான் பக்கத்து வீட்டு மரத்திலிருந்து தினம் புது எலுமிச்சம்பழம் வாங்கி வந்து கொடுத்தாள். "காட்டு, வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சி வெக்கறேன். நகச்சுத்துன்னா உசிரு போற வலியாச்சே."

"வேணாங்க அண்ணி. நானே வெச்சிக்கறேன்."

அவள் அக்கறையாகப் பேசியபோதெல்லாம் கமலவேணிக்கு அந்தப் பழத்தைக் கழற்றி எறிந்துவிடலாம் போல இருந்தது.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்து சேர்ந்தது. மீன் கொடுக்கக் கொடுக்கக் குழலி இளைத்தாள். கன்னம் வற்றியது. கால் குச்சியானது. கழுத்தெலும்பு தெரிந்தது. கண் மட்டும் பெரிதாக நின்றது. அம்மையிலிருந்து எழுந்தபோது எப்படி இருந்தாளோ அதே கோலம். வேணுகோபால் வீக்கம் வற்றிவிடும் என்று சொன்னானே தவிர, வற்றினால் பிள்ளை எப்படி இருப்பாள் என்று அவனும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

"ஐயோ, யாரு கண்ணு பட்டுதோ," என்றார்கள் குழாயடியில். "எப்பிடி இருந்த புள்ள."

கமலவேணி ஐயம்பேட்டைப் பஸ்ஸில் போகிற ஒருவரிடம் தம்பிக்குச் சொல்லி அனுப்பினாள். டாக்டரம்மாவைப் பார்த்துக் கேட்டு வா என்று. அவன் வருவதற்குள் அவளுக்கு நிஜமாகவே வீட்டுக்கு விலக்கு வந்துவிட்டது.

"அண்ணி, நான் வெளில குந்தணும்."

அரிசி களைந்துகொண்டிருந்த காமாட்சியம்மாள் நிமிர்ந்தாள். "திரும்பியுமா? இப்பதானேடி முழுகினே. அந்த நெலா இன்னும் தேயக்கூட இல்ல."

கமலவேணி எலுமிச்சம்பழம் மாட்டிய கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"கைய காட்டு."

"அண்ணி…"

காமாட்சியம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்து எலுமிச்சம்பழத்தை உருவினாள். உள்ளே விரல் வெளுத்துச் சுருங்கி, ஒரு கீறலும் இல்லாமல் இருந்தது. அவள் அந்த விரலை மூக்கருகே கொண்டுபோனாள். பழ வாசனைதான். ஆனால் கமலவேணியின் முகம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

"நமச்சிவாயம், இங்க வா. ஒம் பொண்டாட்டி இன்னா பண்ணிக்கினு இருக்கறான்னு கேளு."

அவன் தறிக்குழியிலிருந்து ஏறி வந்தான். கமலவேணி சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். அங்கம்மாள், விரால், தூக்கு, விறகு.

"ஏன் எங்கிட்ட பொய் சொன்ன?" என்று மட்டும் கேட்டான்.

"உத்திரம் முடியட்டும்னு சொன்னீங்க. புள்ளைக்கு உத்திரம் தெரியுமா? கரை நூலு வரலன்னு நீங்க தறியை நிறுத்தினீங்க இல்ல? பச்சை மூட்டை மூட்டையா கெடந்தும் ஒரு வரி ஏறாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அதே மாதிரிதாங்க இவளும். கஞ்சியா ஊத்தி ஊத்தி நிறைச்சோம். கோக்க வேண்டியது வரல. அந்தக் கையால அம்மன் துணியத் தொடக்கூடாதுன்னுதான் இந்தப் பழத்த மாட்டிக்கினேன். உங்களத்தான் ஏமாத்தினேன். அம்மனை இல்ல."

நமச்சிவாயம் தலையைக் குனிந்துகொண்டான். காமாட்சியம்மாள் விடவில்லை.

"தறியும் புள்ளையும் ஒண்ணாடி? சரி, குடுத்தியே, இன்னா ஆச்சி? கண்ணு இருந்தா பாரு. கன்னம் எங்க? கை எங்க? நான் கஞ்சி ஊத்தி ஊத்தி வளத்தத நீ மச்சத்தக் குடுத்து உருக்கிட்டியே."

ராத்திரி பகலாகக் கமலவேணி தன்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. அப்போதுதான் அழுதாள்.

"நாளைக்கு ஒரு நாள் போகாத," என்றான் நமச்சிவாயம். "வேணு டாக்டரம்மாகிட்ட கேட்டுக்கினு வரட்டும்."

அடுத்த நாள் முழுக்கக் குழலிக்கு மீன் இல்லை. கஞ்சி கொடுத்தார்கள், தட்டிவிட்டாள். சாயந்திரம் அழுதாள். அவள் அழுது கேட்டு எத்தனை மாதம் ஆயிற்று என்பது அந்தச் சமயத்தில் யாருக்கும் உறைக்கவில்லை.

மறுநாள் காலையில் வேணுகோபால் வேர்க்க விறுவிறுக்க வந்து சைக்கிளைச் சுவரில் சாத்தாமலே கீழே போட்டான்.

"அக்கா, தண்ணி வடிஞ்சிட்டுதாம். இப்ப இருக்கறதுதான் புள்ள. முன்னாடி இருந்தது தண்ணி. மொதல்ல இளைச்சு, அப்பறந்தான் சதை பிடிக்குமாம். நிறுத்திடாதேன்னு சொல்லச் சொன்னாங்க. நிறுத்தல இல்ல?"

கொல்லை வாசற்படியில் நின்றிருந்த கமலவேணி அண்ணியைப் பார்த்தாள்.

"வந்துட்டாரு பெரிய டாக்டரு," என்றாள் காமாட்சியம்மாள். "ஊதினா தண்ணி, இளைச்சா தேறுது. நல்லா இருக்குதுடா உங்க காலேஜு கணக்கு."

"அத்தை, நான் சொல்லல, டாக்டரம்மா சொன்னாங்க."

"அவங்க புள்ளையா இது? எம் புள்ள. பசியில கெடக்குது." அவள் டம்ளரில் கஞ்சியை ஆற்றிக்கொண்டு வந்து குழலியைத் தூக்கி மடியில் இருத்தினாள். "கண்ணுல்ல, தங்கமில்ல, அத்தை கையால ஒரு வாயி குடிச்சிடு."

குழலி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காமாட்சியம்மாள் ஒரு கையால் தாடையைப் பிடித்து டம்ளரை வாயில் வைத்தாள். பிள்ளை கையை ஓங்கித் தட்டினாள். டம்ளர் உருண்டு, கஞ்சி காமாட்சியம்மாளின் புடவையெல்லாம் ஊற்றிக்கொண்டது. அவள் மறுபடியும் தாடையைப் பிடித்தாள். குழலி குனிந்து அந்தக் கையைக் கடித்தாள். சும்மா கவ்வவில்லை. கடித்து, விடாமல் தலையை ஆட்டினாள். காமாட்சியம்மாள் "அம்மாடி" என்று கையை உதறியபோது பிள்ளை மடியிலிருந்து நழுவி இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நின்று, மூக்கு ஒழுக, கட்டைக் குரலில் கத்தினாள். வீட்டில் மூலைக்கு மூலை கேட்டது.

காமாட்சியம்மாள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரலுக்குக் கீழே சின்னப் பற்கள் வளைவாகப் பதிந்து, ஒரு இடத்தில் ரத்தம் கசிந்திருந்தது. வைத்த இடத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளை. முடியைப் பிய்த்தாலும் சுளிக்காத பிள்ளை. அவள் அந்த வடுவையும், சுவரைப் பிடித்து நிற்கிற குச்சிக் கால்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எத்தினி பல்லு பாருடா நமச்சிவாயம்," என்றாள்.

நமச்சிவாயம் வந்து பார்த்தான். போய்த் தறிக்குழியில் இறங்கி, வலதுபக்கம் இடம் விட்டு உட்கார்ந்தான்.

காமாட்சியம்மாள் கிணற்றடிக்குப் போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். ஈரப் புடவையை மாற்றி, விபூதியை அள்ளிப் பூசிக்கொண்டு வந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் அப்பன் தறியில் அவள்தான் கோர்வை நாடா போட்டவள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குழியில் இறங்கித் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து அரக்கு நாடாவைக் கையில் எடுத்தாள். பிறகு திரும்பிப் பார்த்தாள். கமலவேணி இன்னும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னாடி நின்னுக்கினு இருக்கற? கீரைக்காரி ஊட்டுக்கு இட்டுக்கினு போ ஜல்தியா. இருக்கற பசிக்கு நம்மளத் துன்னுடப் போறா."